ஆவணப்படத் தாளில் படம் எங்கே? பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

காட்சித் தொடர்பியல் பாடத்திட்டக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

ஆவணப்படத் தாளின் விடைகளைத் திருத்துகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். விடையில் உள்ள படத்தின் பெயரை மையால் அடித்துவிட்டு வாசித்தால், அது எந்தப் படத்தைப் பற்றியது என்று சொல்ல முடியாது. மணல் அள்ளுவதைப் பற்றிய படம் என்றால் மணல் கொள்ளையைப் பற்றி இரண்டு பக்கம் இருக்கும். மலக்குழி மரணம் பற்றிய படம் என்றால் அந்தக் கொடுமையைப் பற்றி இரண்டு பக்கம். "இப்படம் சமூக அவலத்தைத் தோலுரித்துக் காட்டுகிறது" என்ற வரி தவறாமல் வந்துவிடும். கேமரா எங்கே நின்றது, யார் பேசினார், யாரைப் பேசவிடவில்லை, எந்தச் சத்தம் அந்த இடத்தில் பதிவானது, எது எடிட்டிங் அறையில் சேர்ந்தது என்பதெல்லாம் இருக்காது. படத்தைப் பார்க்காமலே எழுதிவிடக்கூடிய விடை அது. சிலர் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

இதில் மாணவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேள்வி அப்படி. ஜான் கிரியர்சன் 1926இல் ஒரு நாளிதழ் விமர்சனத்தில் 'ஆவணப்படம்' (டாக்குமெண்டரி) என்ற சொல்லைப் பயன்படுத்தியது ஐந்து மதிப்பெண். திரைப்பட ஆய்வாளர் பில் நிக்கோல்ஸ் வகுத்த ஆவணப்படத்தின் ஆறு வகைகள் பத்து மதிப்பெண். "உமக்குப் பிடித்த ஆவணப்படம் ஒன்றைத் திறனாய்க" என்பது பதினைந்து. முதல் இரண்டையும் மனப்பாடம் செய்யலாம். மூன்றாவதுக்குப் படத்தின் கருத்தை எழுதினால் போதும்.

வரும் கல்வியாண்டுக்குத் தாளின் பாடத்திட்டத்தைத் திருத்தும்போது அதன் முதுகெலும்பாக ஒரே ஒரு பயிற்சியை வைக்கும்படி கேட்கிறோம்: மூன்று நிமிடப் படத்துண்டு ஒன்றுக்கு மாணவர் தன் கையால் எழுதும் ஷாட் பதிவேடு, அதாவது கேமரா இடைவிடாமல் எடுத்த ஒவ்வொரு துண்டையும் (ஷாட்) வரிசையாகக் குறிக்கும் பட்டியல். வரலாறும் வகைப்பாடும் அதற்குப் பிறகு வரட்டும்.

பதிவேட்டுக்கு ஏ4 தாளைப் படுக்கவைத்து எட்டுப் பத்திகள் (நெடுவரிசைகள்) போட்டால் போதும். (1) வரிசை எண், (2) தொடங்கும் நேரம், (3) நொடியில் நீளம், (4) கண்ணுக்குத் தெரிவது, (5) கேமரா இருந்த தூரம், உயரம், நகர்வு, (6) காதில் விழுவது, (7) திரையில் தோன்றும் எழுத்து, (8) இந்த ஷாட் எங்கிருந்து வந்தது. மூன்று நிமிடம் என்பது 180 நொடி. ஷாட்டுக்குச் சராசரி ஆறு நொடி என்று வைத்தால் 30 ஷாட். இரண்டு மாணவர் சேர்ந்து ஒரு ஷாட்டுக்கு மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டால் ஒன்றரை மணி நேரம். அதாவது அடுத்தடுத்து வரும் இரண்டு பாடவேளைகள். பத்து நிமிடத் துண்டைக் கொடுத்தால் நான்காம் பக்கத்திலிருந்து எல்லாரும் பக்கத்து மேசையைப் பார்த்து எழுதத் தொடங்குவார்கள். ஒரு நிமிடம் கொடுத்தால் ஷாட்டுகளுக்கிடையே உள்ள உறவு பிடிபடாது.

நான்காம் பத்தியில்தான் முதல் சிக்கல் வரும். "ஏழைப் பெண் சோகமாக உட்கார்ந்திருக்கிறார்" என்று எழுதுவார்கள். ஏழை என்பதும் சோகம் என்பதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவை நாம் போய்ச் சேர்ந்த முடிவுகள். "ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண், சிமெண்டுத் திண்ணை, வலக்கையில் முந்தானை, முந்தானை வாயின் மேல், பார்வை கேமராவுக்கு இடப்பக்கம்" என்று எழுத வேண்டும். பண்பைச் சொல்லும் அடைமொழி ஒன்றுகூட அந்தப் பத்தியில் கூடாது என்று விதி வைத்துவிட்டால் எளிது. அப்படி எழுதிய பிறகு, "சோகம் எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள். ஆறாம் பத்தியைத் திரும்பப் பார்க்கிற மாணவர், அந்த ஷாட் தொடங்குவதற்கு இரண்டு நொடி முன்பே வயலின் தொடங்கியிருப்பதைத் தானே கண்டுபிடிப்பார். வகைப்பாட்டை எத்தனை முறை நடத்தினாலும் அந்தக் கண்டுபிடிப்பைக் கையில் கொடுத்துவிட முடியாது.

ஒரு ஷாட் முடிந்து அடுத்தது தொடங்கும் வெட்டைத் தவறவிடுவது அடுத்த சிக்கல். ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார், நடுவில் அவர் கைகளின் குளோசப், பிறகு மறுபடி முகம். பேச்சு தொடர்வதால் மூன்றையும் ஒரே ஷாட்டாக எழுதிவிடுவார்கள். கணினியில் படம் ஓட்டும் விஎல்சி செயலியில் ஈ (E) விசையை அழுத்தினால் ஒவ்வொரு ஃப்ரேமாக, அதாவது ஒவ்வொரு நிலைப்படமாக, முன்னே நகரும் என்பதைச் சொல்லிக்கொடுத்தால் கண்ணுக்குத் தெரியும் வெட்டு பிடிபட்டுவிடும். (பரவலாகப் புழங்கும் பதிப்பில் அதேபோலப் பின்னே நகர வழியில்லை, மூன்று நொடி பின்னே தாவிவிட்டு மறுபடி முன்னே வர வேண்டும்.) காதுக்குள் ஒளிந்திருக்கும் வெட்டு கடினம். முகம் கைகளாக மாறும் அந்த இடத்தில், பேட்டியின் இரு வேறு இடங்களிலிருந்து எடுத்த இரண்டு வாக்கியங்கள் ஒட்டப்பட்டிருக்கலாம். இயர்போனில் கேட்டால் மூன்று தடயங்கள் அகப்படும். பின்னால் ஓடும் மின்விசிறிச் சத்தமோ தெருவிரைச்சலோ சட்டென்று அளவு மாறும். மூச்சு பாதியில் அறுந்திருக்கும். மூன்றாவது நம் மொழியின் இயல்பால் வருவது: தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வருவதால், இடையில் வெட்டிய பேச்சு எச்சத்தில் தொங்கும். "அவங்க வந்தப்ப", "அப்படிச் சொன்னதால" என்று குரல் மேலே நிற்கும்போது படம் கைகளுக்குத் தாவினால், அங்கே காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும்.

ஒட்டு இருப்பதாலேயே மோசடி என்று ஆகிவிடாது. மனிதர்கள் இருமுகிறார்கள், சொன்னதையே சொல்கிறார்கள், நடுவில் போன் வருகிறது. ஒட்டியதால் பொருள் மாறியதா என்பதுதான் கேள்வி. இந்த வேறுபாட்டை ஆசிரியர் அந்த வகுப்பிலேயே சொல்லாவிட்டால், அடுத்த வாரம் முதல் எல்லாப் படத்தையும் "பித்தலாட்டம்" என்று எழுதிக் கொடுப்பார்கள்.

அப்படி அவசரப்பட்டு முடிவுகட்டுவதற்கு முன்னுதாரணமே இருக்கிறது. கனடாவின் வடகோடியில் வாழும் இன்யூட் மக்களைப் பற்றி ராபர்ட் ஃபிளாஹர்ட்டி 1922இல் வெளியிட்ட 'நானுக்' படத்தில், உள்ளே வெளிச்சம் போதாததால் பாதி மட்டும் கட்டிய பனிவீட்டில் காட்சி எடுக்கப்பட்டது. துப்பாக்கி புழக்கத்துக்கு வந்துவிட்ட காலத்தில் அம்மக்கள் ஈட்டியால் வேட்டையாட வைக்கப்பட்டார்கள். இதைச் சொன்னவுடன் வகுப்பில் ஒரு சிரிப்பு எழும், படம் முடிந்துவிடும். ஆசிரியர் அங்கே நிறுத்தக் கூடாது. பாதிப் பனிவீடு கேமராவின் குறைக்காகச் செய்த ஏற்பாடு. ஈட்டி, அந்த மக்களை எந்தக் காலத்தில் வைத்துக் காட்டுவது என்ற முடிவு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க முடியாது. எட்டாம் பத்தியில் "அமைத்து எடுத்தது" என்று மட்டும் எழுதாமல், "எதற்காக அமைத்தது, பார்ப்பவருக்குச் சொல்லப்பட்டதா" என்றும் எழுதப் பழக்கினால் வேறுபாடு தானாக விளங்கும்.

ஃப்ரேம் ஃப்ரேமாகப் பார்ப்பதன் பயனைக் காட்ட லூயிஸ் புனுவெலின் 1933ஆம் ஆண்டு ஸ்பெயின் படத்தைவிடச் சிறந்த துண்டு இல்லை. லாஸ் ஹூர்தெஸ் என்ற மலைப்பகுதியில், ஆடு தவறி விழுந்து செத்தால்தான் அங்குள்ளவர்களுக்கு ஆட்டிறைச்சி என்கிறது வர்ணனை. ஆடு விழுகிறது. ஓடும் வேகத்தில் பார்ப்பவர் நம்பிவிடுகிறார். நிறுத்தி நகர்த்தினால் சட்டகத்தின் வலப்பக்கத்திலிருந்து புகை எழுவது தெரியும்: சுட்டிருக்கிறார்கள். அடுத்த ஷாட் வேறொரு கோணத்தில் வருகிறது. தற்செயலாக விழும் ஆட்டுக்கு இரண்டு இடத்தில் கேமரா காத்திருந்தது எப்படி? இந்தக் கேள்வியை மாணவர் வாயிலிருந்து வரவழைக்க வேண்டும். நாமே சொல்லிவிட்டால் அது இன்னொரு ஐந்து மதிப்பெண் குறிப்பு ஆகிவிடும்.

முதல் வகுப்புக்கு இதைவிட எளிய படம் போதும். லூமியர் சகோதரர்களின் தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர்கள் வெளியேறும் படம், 1895. ஒரு நிமிடம்கூட ஓடாது, பேச்சில்லை, உரிமைச் சிக்கல் இல்லை. அதற்கு மூன்று வடிவங்கள் உள்ளன. ஒன்றில் ஒரு குதிரை, ஒன்றில் இரண்டு, ஒன்றில் குதிரையே இல்லை. மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டு, உடைகளையும் நிழலையும் குறிக்கச் சொல்லுங்கள். "இயல்பாக நடந்ததை அப்படியே எடுத்தது" என்ற எண்ணம் அந்த ஒரு மணி நேரத்தில் தளர்ந்துவிடும். மூன்று முறை எடுத்தார்கள் என்றால், முதல் முறை எடுத்ததில் ஏதோ போதவில்லை.

இனி வர்ணனை. பாடத்திட்டம் அதிகம் தவறவிடும் பகுதி இதுவே என்று நினைக்கிறோம். காரணம், நம் பாடநூல்கள் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. தமிழ் வர்ணனையில் நடப்பதைப் பார்க்க அவற்றில் கருவி கிடையாது. வர்ணனையை முழுக்க எழுத்தில் இறக்கிவிட்டு, மாணவர் இரண்டு நிற மையால் கோடிட வேண்டும். ஒரு நிறத்தில் நாம், நாங்கள், இவர்கள், இம்மக்கள் ஆகிய சொற்கள். "நாம்" என்றால் பார்ப்பவரும் உள்ளே. "நாங்கள்" என்றால் படக்குழு தனியே நிற்கிறது. "இம்மக்கள்" என்று விரல் நீட்டுகிறபோது பார்ப்பவரும் வர்ணனையாளரும் ஒரு பக்கம், திரையில் இருப்பவர்கள் மறுபக்கம். இன்னொரு நிறத்தில் வினைமுற்று விகுதிகள். ஆட்சியர் "வந்தார்", தொழிலாளி "வந்தான்" என்று இருந்தால், அந்தப் படம் யாரை எந்த உயரத்தில் வைத்திருக்கிறது என்பதற்கு அதற்குமேல் சான்று வேண்டாம். பேட்டி கொடுப்பவரின் வட்டார வழக்கை அப்படியே விட்டிருக்கிறார்களா, திரையெழுத்தில் செந்தமிழாக்கிவிட்டார்களா என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

இந்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் 1948 முதல் எடுத்த படங்கள் பல மொழிகளில் வர்ணனை மாற்றித் திரையரங்குகளுக்குப் போயின. படம் ஒன்று, குரல் வேறு. ஒரே படத்தின் தமிழ் வடிவமும் ஆங்கில வடிவமும் கிடைக்கும்போது இந்தக் கோடிடும் பயிற்சியை இரண்டுக்கும் செய்து ஒப்பிடலாம். திரையரங்கில் இவை ஓடும்போது முறுக்கு வாங்க வெளியே போன தலைமுறை கவனிக்காமல் விட்டதை இந்தத் தலைமுறை கவனிக்கட்டும்.

வர்ணனையின் பலத்தைச் செய்தே காட்டுவதும் உண்டு. பிரெஞ்சு இயக்குநர் கிறிஸ் மார்க்கர் 1950களின் இறுதியில் சைபீரியாவைப் பற்றி எடுத்த படத்தில், யாகுத்ஸ்க் நகரின் ஒரே தெருக்காட்சி மூன்று முறை வருகிறது. முதலில் சோவியத்தைப் புகழும் வர்ணனை, அடுத்து தூற்றும் வர்ணனை, பிறகு நடுநிலை என்று சொல்லிக்கொள்ளும் வர்ணனை. அதைக் காட்டிய பிறகு, உள்ளூர்ப் பேருந்து நிலையத்தில் நாற்பது நொடி எடுத்து, மாணவர் மூன்று வர்ணனை எழுதட்டும். நிமிடத்துக்கு ஏறத்தாழ நூறு சொல் என்று கணக்கு வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 65 சொல் தாங்கும். எல்லாரும் நூற்றைம்பது சொல் எழுதிவந்து மூச்சுவிடாமல் வாசிப்பார்கள். வெட்டச் சொல்லுங்கள். எந்த வரியை வெட்ட மனம் வரவில்லையோ அந்த வரியில்தான் எழுதியவரின் சாய்வு இருக்கும். மூன்றில் கடினம் நடுநிலை வர்ணனை என்பது அப்போது புரியும்.

நடந்து பல ஆண்டு கழித்து எடுத்த படங்களுக்கு வேறு பயிற்சி வேண்டும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதைப் பற்றிய 'ராமையாவின் குடிசை' 2005இல் வந்தது. அந்தப் படம் நிற்பது நினைவின் மேல். இத்தகைய படத்தில் ஷாட் பதிவேடு பாதி வேலையைத்தான் செய்யும். பேசுகிறவர் ஒவ்வொருவருக்கும் மூன்று பத்தி போட்டு, கண்டது, கேட்டது, பிறகு அறிந்தது என்று அவர் சொற்களைப் பிரித்து எழுத வேண்டும். "நான் ஓடி வரப்புல படுத்துக்கிட்டேன்" என்பது கண்டது. "உள்ள இத்தனை பேர் இருந்தாங்களாம்" என்ற "ஆம்" கேட்டது. தமிழ் இந்த வேறுபாட்டை விகுதியிலேயே காட்டிவிடுகிறது. கேட்டதும் பிறகு அறிந்ததும் மதிப்புக் குறைந்தவை என்று மாணவர் எடுத்துக்கொள்ளக் கூடாது. இழந்தவர்கள் முப்பத்தேழு ஆண்டு என்ன நினைவை வளர்த்து வந்தார்கள் என்பதும் ஆவணம்தான். எது எந்த வகைச் சான்று என்று தெரிந்து மதிப்பதற்குத்தான் இந்தப் பத்திகள்.

எட்டாம் பத்திக்குத் தமிழிலேயே பழைய பாடம் ஒன்று இருக்கிறது. ஏ. கே. செட்டியார் 1940இல் வெளியிட்ட காந்தி படம், பல நாடுகளுக்கு அலைந்து, பிறர் வெவ்வேறு காலத்தில் எடுத்து வைத்திருந்த படச்சுருள்களைத் திரட்டித் தொகுத்தது. ஒவ்வொரு துண்டும் யாரோ ஒருவர், வேறு ஏதோ நோக்கத்துக்காக எடுத்தது. இன்று வாட்ஸாப்பில் வரும் காணொளியையும் கணினி உருவாக்கிய காட்சியையும் சேர்த்துப் படம் எடுக்கும் காலத்தில், "இதை முதலில் எடுத்தவர் யார், எதற்காக?" என்ற கேள்வியைக் கேட்காமல் ஒரு மாணவர் பட்டம் வாங்கிப் போவது சரியல்ல.

எந்தப் பிரதியைப் பார்த்தோம் என்பதைப் பதிவேட்டின் தலையில் எழுதுவது கட்டாயமாக வேண்டும். சுவடி பதிப்பித்தவர்கள் பாடபேதம் குறித்தது போல. நொடிக்கு 24 ஃப்ரேமில் எடுத்த படம் நொடிக்கு 25 ஃப்ரேமில் ஓடும் தொலைக்காட்சிப் பிரதியானால் 4 சதவீதம் வேகம் கூடும். 75 நிமிடப் படம் 72 நிமிடத்தில் முடிந்துவிடும். பழைய நான்குக்கு மூன்று சட்டகத்தைப் பதினாறுக்கு ஒன்பதில் நிரப்ப வெட்டினால் உயரத்தில் கால் பங்கு போய்விடும். போவது பெரும்பாலும் தலையும் கையும். யூடியூப் பிரதி ஒன்றைப் பார்த்துவிட்டு, "இயக்குநர் வேண்டுமென்றே தலையை வெட்டியிருக்கிறார், இது அடக்குமுறையின் குறியீடு" என்று எழுதிய விடைக்கு என்ன மதிப்பெண் போடுவது? சொல்லிக்கொடுக்காத தவறு அது.

திரையெழுத்தும் அப்படித்தான். ஆங்கிலத் திரையெழுத்தோடு வேற்றுமொழிப் படத்தைப் பார்க்கும் மாணவரின் கண் சட்டகத்தின் அடியிலேயே ஒட்டியிருக்கும். மேலே நடப்பது தெரியாது. பேச்சின் தமிழாக்கத்தை முந்தைய நாளே இரண்டு பக்கமாக அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, இரண்டாம் முறை போடும்போது திரையெழுத்தை அணைத்துவிடலாம். தொடக்கத்தில் தமிழ்ப் படங்களையும் பேச்சில்லாத படங்களையும் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வகைப்பாட்டைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. நிக்கோல்ஸின் ஆறு வகைகளைப் பத்தாம் வாரத்துக்குத் தள்ளுங்கள் என்கிறோம். படத்துக்கு முத்திரை குத்தாமல், பகுதிக்குக் குத்தச் சொல்லுங்கள். ஒரே படத்தில் வர்ணனை வழியே விளக்கும் பகுதியும், பேசாமல் பின்தொடரும் பகுதியும், கேமராவுக்குப் பின்னால் இருப்பவர் குரல் கொடுக்கும் பகுதியும் இருக்கும். மாறும் இடம் எது, ஏன் அங்கே மாறியது என்பதில்தான் திறனாய்வு தொடங்குகிறது.

நடைமுறைக்கு வருவோம். ஐம்பது நிமிடப் பாடவேளையில் எழுபது நிமிடப் படத்தை இரண்டாக உடைத்துப் போடுவது, அந்தப் படத்தைப் போடாமல் இருப்பதைவிட மோசம். வாரத்தில் ஒரு நாள் இரண்டு பாடவேளை சேர்ந்து கிடைக்க வேண்டும். முப்பது நிமிடத்துக்கு உட்பட்ட படங்களை முதன்மைப் பட்டியலில் வைக்க வேண்டும். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி இல்லாத அறையில் இருட்டுக் காட்சிகள் சாம்பல் பூசிவிடும். மடிக்கணினியின் ஒலிபெருக்கியில் பின்னணிச் சத்தம் கேட்காது, கேட்காததைப் பதிவேட்டில் எழுத முடியாது. ஒரு சோடி நல்ல ஒலிபெருக்கியும், இருவருக்கு ஒரு இயர்போன் பிரிப்பானும் வாங்கினால் போதும், பெருஞ்செலவில்லை. அறுபது பேரை ஒரே அறையில் உட்காரவைக்காமல் முப்பது முப்பதாகப் பிரிக்க வேண்டும். "உரிமை வாங்காமல் படம் போடலாமா?" என்று நிர்வாகம் கேட்பதுண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கல்வி நிறுவனத்தின் பணிகளின் ஊடாக, ஆசிரியர், மாணவர், அவர்தம் பெற்றோர் போன்றோர் மட்டும் பார்வையாளராக இருக்கும் திரையிடலை உரிமை மீறலாகக் கொள்வதில்லை. ஊரைக் கூட்டிப் போடும் விழாவுக்கு இது பொருந்தாது. பாடத்திட்டத்தின் முதல் பக்கத்திலேயே இதை அச்சிட்டுவிட்டால், ஒவ்வொரு துறையும் தனித்தனியே பயந்துகொண்டிருக்க வேண்டியதில்லை.

தேர்வு மாறாவிட்டால் மேலே சொன்ன எதுவும் நடக்காது. உள்மதிப்பீட்டின் 25 மதிப்பெண்ணில் 10 ஷாட் பதிவேட்டுக்கு, 5 வர்ணனையில் கோடிடும் பயிற்சிக்கு, 10 இவ்விரண்டையும் சான்றாகக் காட்டி எழுதும் நான்கு பக்கக் கட்டுரைக்கு. கட்டுரையில் வரும் ஒவ்வொரு கூற்றுக்கும் அடைப்புக்குள் ஷாட் எண் இருக்க வேண்டும். எண் இல்லாத கூற்றுக்கு மதிப்பெண் இல்லை. "தோலுரித்துக் காட்டுகிறது" என்ற வரிக்கு ஷாட் எண் போட முடியாது என்பதால் அது தானே உதிர்ந்துவிடும்.

துறையிலேயே தேர்வு நடத்த முடிந்தால் மூன்று நிமிடத் துண்டை நான்கு முறை போடலாம்: முழுதாக ஒரு முறை, புரொஜெக்டர் முன் அட்டையை வைத்து ஒலி மட்டும் ஒரு முறை, ஒலியை அணைத்துப் படம் மட்டும் ஒரு முறை, கடைசியில் மறுபடி முழுதாக. இடையிடையே பத்து நிமிடம். மின்சாரம் போனால் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. அதற்கும், பல கல்லூரிகளுக்குப் பொதுவாக வரும் எழுத்துத் தேர்வுக்கும், வரிசையாகப் பன்னிரண்டு நிலைப்படமும் அவற்றுக்கு நேரே ஒலிக்குறிப்பும் அச்சிட்ட தாள் போதும். பத்து சென்டிமீட்டர் அகலத்துக்குக் குறையாமல், பக்கத்துக்கு ஆறு படம். இருண்ட ஃப்ரேம்களைத் தேர்ந்தெடுத்தால் கறுப்பு வெள்ளை நகலில் மைப்பூச்சாகிவிடும். வெளிச்சமான காட்சியாகப் பார்த்து எடுக்க வேண்டும், அனுப்பும் முன் ஒரு நகல் எடுத்துச் சோதிக்கவும் வேண்டும்.

அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் நான்கு தீர்மானங்களைச் சேர்க்கக் கோருகிறோம்: அடுத்தடுத்த இரண்டு பாடவேளை, முப்பது பேர் வரம்பு, மேற்சொன்ன மதிப்பெண் பகிர்வு, நிலைப்படத் தாளோடு வரும் ஒரு கட்டாய வினா. மாதிரிப் பதிவேடு ஒன்றும், நிலைப்படத் தாள் ஒன்றும், முப்பது நிமிடத்துக்கு உட்பட்ட படங்களின் பட்டியலும் எங்களிடம் தயாராக உள்ளன. கேட்டால் கூட்டத்துக்கு முன்பே அனுப்பிவைக்கிறோம்.

இப்படிக்கு,
ஆவணப்படத் தாளை நடத்தும் ஆசிரியர்களும் படத்தொகுப்பாளர்களும்